பை-யை விட்டுவிடலாம்

ஆடிட்டுக்கு இன்னும் நாலு நாள்.
ஷிஃப்ட் முடிந்தும் வேன் கிளம்பவில்லை.
ஆம்பூர் பைபாஸில் லாரிகள் போகிற சத்தம்.
கேன்டீனில் எங்களை உட்காரவைத்து
ஹெச்.ஆர். டெல்ஃபின் மேடம்
வெள்ளைப் பலகையில் எழுதினார்:
டிரிங்கிங் வாட்டர் இஸ் புரொவைடட்.
சொல்லுங்க எல்லாரும்.

சொன்னோம்.
கிளவுஸ் ஆர் கிவன்.
ஓவர்டைம் இஸ் பெய்ட்.
முப்பத்தெட்டுப் பேர், ஒரே ராகம்.
தொண்டையில் இன்னும்
சோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசம்.

"யாரு குடுத்தாங்கன்னு அதுல இல்லியே மேடம்?"
மெஹ்ருன்னிசா.
என்னோடு பேர்ணாம்பட்டு வேனில் வருகிறவள்,
ஒரு தையல் பிசகினாலும் பிரித்துவிடுவாள்.
மேடம் சிரித்தார்.
"அதுக்குப் பேருதான் பாஸிவ் வாய்ஸ்.
யார்னு தெரியலன்னா,
இல்ல, யார்ங்கறது முக்கியம் இல்லன்னா,
பை-யை விட்டுடலாம்."

நான் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை
இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

வேனில் வரும்போது தமிழில் போட்டுப் பார்த்தேன்.
'குடுத்தாங்க' என்றால்
பெயர் சொல்லாவிட்டாலும்
'ஆங்க' என்கிற வாலைப் பிடித்துக்கொண்டு
யாரோ நிற்கிறார்கள்.
'கொடுக்கப்பட்டது' என்றால் ஒருவரும் இல்லை.
நடுவில் ஒரு 'படு' மட்டும்.
பட்டது யார் என்று
அதற்காவது தெரியும்.

இங்கிலீஷை மட்டும் குறை சொல்லக்கூடாது.
ஆனி மாதம் கிளிக்கிங் மெஷினில்
நவநீதத்துக்கு மோதிரவிரல் போனபோது
நாங்கள் என்ன சொன்னோம்?
"வெரல் வெட்டிக்கிச்சு."
விரல் தானாக நடந்துபோய்
தன்னையே வெட்டிக்கொண்டு வந்த மாதிரி.
ரெஜிஸ்டரில் ஒரே வரி:
ஃபிங்கர் வாஸ் இஞ்சர்ட்.
பீஸ் கூட வரும் என்று
அதற்கு முந்தின வாரம் கார்டைக் கழற்றியது
தாமோதரன் சார்.
ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான்.

ஆடிட் அன்றைக்குக்
கழிவறையில் புது சோப்பு இருந்தது.
வந்த அம்மா நல்ல உயரம்,
காலில் வேறு ஏதோ கம்பெனி ஷூ.
எழுதிக் கொடுத்ததையே கேட்டார்,
எழுதிக் கொடுத்ததையே சொன்னோம்.
அப்புறம் நவநீதத்தின் கையைப் பார்த்தார்.
பாடத்தில் இல்லாத கேள்வி.
நவநீதம் என்னைப் பார்த்தாள்.

"த கார்டு வாஸ் ரிமூவ்ட்" என்றேன்.
"பை ஹூம்?"
பை-யை அவர் விடவில்லை.

என் இங்கிலீஷ் அதோடு தீர்ந்தது.
எழுவாய் பயனிலை எல்லாம் வைத்துத் தமிழில் சொன்னேன்:
"தாமோதரன் சார்தான் கழட்டினாரு.
நான்தான் ஸ்பேனர் குடுத்தேன்."
பக்கத்தில் நின்ற டெல்ஃபின் மேடம்
ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்:
"ஷி சேஸ், இட் வாஸ் ரிமூவ்ட்."
அந்த அம்மாவின் பேனா கொஞ்ச நேரம்
காகிதத்தின் மேல் நின்றது.
பிறகு எதையோ எழுதியது.

திங்கட்கிழமை போனால்
கார்டு மாட்டப்பட்டிருந்தது.
மாசக் கடைசியில் என் சம்பள ஸ்லிப்பில்
ஹாஃப் டே டிடக்டட்.

வேனில் அதைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்,
த கார்டு வாஸ் ரிமூவ்ட் பை.
மெஹ்ருன்னிசா எட்டிப் பார்த்தாள்.
"இன்னாக்கா நிறுத்திட்ட?"
"தாமோதரனுக்கு டி ஏ-வா, டி எச் ஏ-வா?"
அவளுக்கும் தெரியவில்லை.

தெரிந்த ஸ்பெல்லிங் ஒன்று இருந்தது.
ரேணுகா என்று எழுதி
அண்ட் போட்டு வைத்தேன்.
பாலாற்றுப் பாலத்தில் வேன் குலுங்கியதில்
அண்டின் கடைசி எழுத்து
கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.